புதுவாயல் ஓட்டலில் மூன்று இலை

புதுவாயல்
6-11-1977

கோமளாவுக்கு,

குணசுந்தரி எழுதுவது. முதலில் 'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று ஆரோக்கியமேரி சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூருக்குப் போனவள் உன்னையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இங்கே ஆணி செய்கிற கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்ததிலிருந்து அவளுக்கு மதியச் சாப்பாடு எங்கள் ஓட்டலில்தான். சாப்பிடும்போதே சத்தமாகச் சொன்னாள். பாதி ஓட்டலுக்குக் கேட்டிருக்கும். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோபப்பட வேண்டியவள் நான் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்று நைனா இந்த ஓட்டலை ஆரம்பித்தபோது உனக்குத்தான் முதலில் எழுதினேன். ஒரு நாள் வந்து சாப்பிடு என்று அப்போதிருந்து கூப்பிடுகிறேன். போன மாதம் வந்தாய். பொன்னேரிக்குப் போகிற வழி, பஸ் மாற வேண்டும், உன் அப்பா கூட வந்தார். எல்லாம் சரி. ஆனால் நீ குடித்தது ஒரு டம்ளர் பால். தின்றது ஒரு வாழைப்பழம்.

உன் அப்பா எங்கள் அடுப்பில் வெந்ததைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைக்கிறவர். அவரைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவைக் கேட்காமலே திறந்து தின்றவள். நீ வருகிறாய் என்று அன்றைக்குப் பிஞ்சுக் கத்தரிக்காயாகத் தேடி எடுத்து எண்ணெயில் வதக்கி வைத்திருந்தேன். அதைச் சாயங்காலம் நாங்கள் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

வேறு ஒன்றுமில்லை.

குணசுந்தரி


திருவள்ளூர்
11-11-1977

அடி குணா,

உன் கடிதம் வந்தது. கத்தரிக்காய் நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதாமல் இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன்.

நான் பால் குடித்ததைப் பார்த்தாயே, எங்கிருந்து பார்த்தாய்? சமையல்கட்டுக் கதவு இடுக்கிலிருந்து. நான் உன்னைப் பார்த்தேனா? இல்லை. இரண்டு பஸ் ஏறி, பெரியபாளையத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, அப்பாவிடம் நூறு தடவை கெஞ்சி இறங்கி வந்தால், என் சிநேகிதி எழுந்து வெளியே வரவில்லை. பாலை உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினாய். "குணா எங்கே?" என்று கேட்டேன். உள்ளே வேலையாக இருக்கிறாள் என்றார். கதவுக்குப் பின்னால் உன் பாவாடைக் கரை தெரிந்தது. பச்சை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்திருந்தால் போயிருப்பேன் என்று தோன்றுகிறது. போயிருக்கமாட்டேனோ என்னவோ. நீ இழுக்கவில்லையே.

எனக்கு அன்றைக்கு நல்ல பசி. பொன்னேரி போய்ச் சேரும்வரை உன் ஓட்டல் வாசனை என் தாவணியிலேயே இருந்தது.

கோமளவல்லி


புதுவாயல்
20-11-1977

அன்புள்ள கோமளா,

நான் வெளியே வராததற்குக் காரணம் எழுதுகிறேன். சிரிக்கக் கூடாது.

எங்கள் ஓட்டலில் கறி மீன் கிடையாது. அதனால் கம்பெனி ஆபீஸ்காரர்கள், வடக்கே போகிற லாரிக்காரர்கள், மேரி மாதிரி வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். மதியச் சங்கு ஊதினால் போதும், பெஞ்சு நிறைந்துவிடும். நிறைய ஆண்கள். நான் அடுப்படியை விட்டு அந்தக் கூடத்துக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் பின்வாசல் வழியாக உள்ளே போவேன். அதே வழியாகத்தான் திரும்புவேன்.

நைனா ஒன்றும் சொல்லமாட்டார். "இன்னாத்துக்குப் பயம், நம்ம ஓட்டலுதானே" என்பார். என்னால் முடிவதில்லை. வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பதற்குள் நீ பதில் சொல்லிவிடுவாய். படிப்பு நின்றபோது எல்லோரும் பாவம் என்றார்கள். இனி எழுந்து நிற்க வேண்டாம் என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நான் நின்றது நீ நினைக்கிற மாதிரி இல்லை. இரண்டு தடவை காலை எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை வைப்பதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது.

பாவாடைக் கரை பச்சை இல்லை, நீலம். புகையில் அப்படித் தெரிந்திருக்கும்.

குணா


திருவள்ளூர்
18-12-1977

அன்புள்ள குணா,

உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

நாகபுரியில் ரயில்வே ஆபீசில் வேலை. பெயர் ராமஸ்வாமி. பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எடுத்துத் தின்றார். நான் பார்த்தேன். அப்போதே பிடித்துவிட்டது. தை இருபத்தேழாம் தேதி முகூர்த்தம். மறுவாரமே கிளம்ப வேண்டும். அங்கிருந்து இங்கே வருவது வருஷத்துக்கு ஒரு தடவையாம். அதுவும் லீவு கிடைத்தால்.

மேரி வந்திருந்தாள். நாம் மூன்று பேரும் ஒரு நாள்கூட ஒன்றாக உட்கார்ந்து ஓர் இலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று அவள்தான் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மரத்தடியில் நின்றுகொண்டு உன் டப்பாவிலும் என் டப்பாவிலும் கை விட்டதோடு சரி.

பொங்கல் கழிந்ததும் பொன்னேரியில் இருக்கிற சின்னத் தாத்தாவைச் சேவிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். வழியில் உன் ஊரில்தான் பஸ் மாறவேண்டும். அதனால் ஓர் ஒப்பந்தம். நீ வெளியே வந்து பெஞ்சில் உட்காரவேண்டும். நான் சாப்பிடவேண்டும். ஓட்டல் விடுமுறை நாளில் வா என்று எழுதாதே. ஆளில்லாத ஓட்டலில் சாப்பிட்டால் அது உன் வீடு. எனக்கு ஓட்டல் வேண்டும். நாலு பேர் இரைச்சல் போடவேண்டும், டம்ளர் உருளவேண்டும், யாராவது "சாம்பார்" என்று கத்தவேண்டும்.

அப்பாவை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

கோமளா


புதுவாயல்
3-1-1978

அன்புள்ள கோமளா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பஜ்ஜி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்.

ஒப்பந்தத்துக்குச் சரி. எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது. ஆனால் பத்து மணிக்கு வந்துவிடு. அப்போது நாஷ்டா முடிந்திருக்கும், மதியக் கூட்டம் வந்திருக்காது. இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஓட்டல் ஓட்டலாகவும் இருக்கும், எனக்கும் மூச்சு விட முடியும். மேரி அன்றைக்கு அரை நாள் லீவு போடுகிறாள்.

நான் கூடத்தில் உட்காரப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் ஏனோ முகம் மாறி, "எதுக்கு இப்ப?" என்றான். அவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியவில்லை. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான்.

தினமும் ஆள் வருமுன் கூடத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். நேற்று பால்காரர் வந்துவிட்டார். ஓடிவிட்டேன்.

உனக்கு என்ன சமைக்க வேண்டும்?

குணா


திருவள்ளூர்
17-1-1978

குணா,

கார்டில் இடமில்லை. இருபத்துநாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். பத்து மணிக்கு அங்கே இருப்பேன். அப்பா வருகிறார், மாற்ற முடியாது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வழியாகப் போகலாம் என்பார்.

வற்றல் குழம்பு. சாத்தமுது, உங்கள் பாஷையில் ரசம். சுட்ட அப்பளம். விருந்து வேண்டாம், எல்லோருக்கும் போடுவதையே எனக்கும் போடு.

கோமளா


புதுவாயல்
28-1-1978

அன்புள்ள கோமளா,

மூன்று நாளாக எழுத நினைத்து முடியவில்லை. ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

நீ உன் அப்பாவோடு வெளியே இருந்தபோது உள்ளே என்ன நடந்தது, ஏன் மேரி மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள் என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டதால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பத்து மணிக்கு நீ வரவில்லை. பனி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற புளியமரமே தெரியாத பனி. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பதினொன்று ஆனது. மேரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். உங்கள் பஸ் வந்து நின்றதும் கம்பெனிச் சங்கு ஊதியதும் ஒன்றாக நடந்தது உனக்குத் தெரியும். நீ இறங்கி, உன் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, பால் வாங்கிக் கொடுப்பதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. குளிருக்குத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் அடுப்படியில் நின்று, முடியாது, நீயே போ என்று மேரியிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கதவைத் திறந்து வைத்தார்கள்.

ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது. எதிர்ப் பக்கம் இரண்டு லாரிக்காரர்கள். நான் ஓரமாக உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரியவருக்கு நரைத்த மீசை. என்னைப் புது ஆள் என்று நினைத்துவிட்டார்.

"இன்னா பாப்பா, இந்த ஓட்டலுக்குப் புதுசா? வத்தக்கொழம்ப மட்டும் வுட்டுடாத. உள்ள ஒரு கெழவி கீது. மெட்ராசுலருந்து நெல்லூரு வரிக்கும் அந்தக் கை எவளுக்கும் வராது" என்றார்.

அடுத்தவர், அந்தக் கிழவிக்குக் காது கேட்காது, அதனால்தான் வெளியே வருவதில்லை என்றார். பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. காது கேட்கும், கால்தான் வராது என்றார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து, எண்பது வயது, மூன்று பிள்ளைகளும் கைவிட்டுவிட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் மேரி தலையை மேஜைமேல் வைத்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றான். அவன் காது சிவந்திருந்தது. உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று ஆட்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, ஓட்டல் ஆரம்பித்த நாளிலிருந்து அவன்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான்.

அந்தப் பெரியவர் கிழவிக்காக ரொம்ப வருத்தப்பட்டார். "பாவம், அதும் வயித்துக்கு அது சாப்புடுதோ இல்லியோ" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"கெழவி இல்ல. நான்தான் செய்யறேன்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த மேஜையில் சாப்பிட்ட கையெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. பெரியவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "இன்னாபா, எண்பது வயசுன்னியே" என்றார். அண்ணன் யாருக்கும் சாம்பார் ஊற்றாமல் உள்ளே போய்விட்டான். பெரியவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப இன்னும் அம்பது வருசத்துக்கு இந்த ரோட்டுல சோத்துக்குக் கவலை இல்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை, கோமளா. குனிய மறந்துவிட்டேன்.

அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். வந்து எனக்கும் மேரிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று. நீ முதல் கவளத்தை எடுத்தபோது பார்க்காத மாதிரி நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாய். பிறகு இன்னொரு கவளம். அப்புறம்தான் எனக்குப் பசித்தது.

மூன்று பேரும் என்னவெல்லாம் பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவில்லை. மேரி உன் மாப்பிள்ளை மாதிரி பஜ்ஜி பொறுக்கிக் காட்டினாள். சிரித்ததில் உனக்குப் புரையேறியது, லாரிக்காரர் தண்ணீர் நகர்த்தினார். அண்ணன் ஒருவழியாகத் திரும்பி வந்து, "மேடத்துக்கு இன்னா வேணும்" என்று என்னைக் கேட்டான். அவன் எனக்குப் பரிமாறுவது அதுதான் முதல் தடவை. பழிவாங்க வேண்டும் என்று சோறு கேட்டேன். போட்டான். இன்னொரு தடவை கேட்டேன். போட்டான். இலையில் ஆவி எழுந்தது. வெளியே அப்படிக் குளிர், எனக்கு வியர்த்தது.

நடுவில் உன் அப்பா, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தபடியே, "தாளிச்ச கடுகு கொஞ்சம் தீஞ்சுடுத்து" என்றாரே, அது நான் இல்லை. அம்மா தாளித்தது. அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் சண்டை நடக்கிறது. அவர் ஏன் அப்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்? கோபமா? நீ அவரிடம் என்ன சொல்லிவிட்டு உள்ளே வந்தாய்? வீட்டில் உன்னை ஏதாவது சொன்னார்களா? அதுதான் எழுதவிடாமல் செய்தது. எங்களால் கல்யாணச் சமயத்தில் உனக்கு ஒரு பேச்சு வந்துவிட்டால் நான் தின்றது செரிக்காது.

இப்போது ஒவ்வொருவரும் பணம் கொடுக்கும்போது நைனாவிடம், "கெழவி நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான் கதவருகில் வந்து நின்று, "கீது" என்கிறேன்.

உடனே பதில் போடு.

குணா


திருவள்ளூர்
2-2-1978

என் குணாவுக்கு,

வீடு முழுக்க ஆட்கள். எழுத ஓர் இடம் கிடைக்காமல் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

பயப்படாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்ததைப் பார்த்தேன். நீ உட்காருவாய் என்று நான் முழுசாக நம்பவில்லை. உட்கார்ந்துவிட்டாய். இனி என் முறை. அப்பா பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். நாகபுரிக்குப் போனால் சாதம் கிடைக்குமா ரொட்டிதானா என்பது பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்தேன்.

"அப்பா, நான் உள்ளே போய்ச் சாப்பிடப்போறேன்."

அவர் காதில் விழாத மாதிரி என் டம்ளரைக் காட்டி, பால் ஆறிப்போகிறது என்றார். போன தடவை நான் பாலைக் குடித்துவிட்டுப் போனதால் எத்தனை நாள் பேச்சு நின்றுபோனது என்று சொன்னேன். இனி எப்போது அவளைப் பார்ப்பேன் என்று தெரியாது என்றும் சொன்னேன். அழக்கூடாது என்று இருந்தேன். கொஞ்சம் அழுதேன்.

பாலை இன்னும் இரண்டு தடவை ஆற்றினார். பிறகு, யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். நீதான் என்றேன்.

"குளிச்சுட்டுத்தான் அடுப்பு மூட்டறாளோ?"

"நீங்க கோயிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே அவ குளிச்சுடறா, அப்பா."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. எழுந்தார். பொன்னேரிக்கு இப்போதே போய்விடலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கி, ரோட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பஸ் வரதான்னு பார்த்துண்டிருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான். போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பொன்னேரி பஸ் ஒன்று வந்து நின்று போனதே, கவனித்தாயா? நான் இலையில் பாதியில் இருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத்தான் கூப்பிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி நான் இன்னும் உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. வற்றல் குழம்பில் நீ கடைசியாக விட்ட நல்லெண்ணெய் வாசனை இன்னும் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் நன்றாகச் சமைப்பார்கள், உனக்குத் தெரியும். ஆனால் யாரும் யாரையும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அந்த ருசி எனக்குப் புதிது.

வீட்டில் அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, புதுவாயலில் பால் நன்றாக இருந்தது என்றார்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இதற்காகத்தான் மூட்டைமேல் ஏறினேன்.

சாயங்காலம் பொன்னேரியிலிருந்து நேர் பஸ் ஒன்று கிடைத்துத் திரும்பினோம். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். நான் ஏதாவது திட்டு வரும் என்று காத்திருந்தேன். பஸ் புதுவாயலில் நின்றபோது உன் ஓட்டல் பக்கம் திரும்பி, குனிந்து, நன்றாகப் பார்த்தார். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணு உக்காந்து சாப்ட்டாளோ, இல்லே உங்களுக்கெல்லாம் எடுத்துப் போட்டுண்டே இருந்தாளோ?"

"சாப்ட்டா அப்பா. ரெண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிண்டா."

"அப்ப சரி" என்றார்.

ஜன்னலைச் சாத்திவிட்டு, குளிருக்குத் தன் மேல்துண்டில் பாதியை என் தோளில் போட்டார்.

உன்
கோமளா